படத்தைத் திருத்துவது யார்?

(புதிதாக ஒளிப்படம் கற்பவர்களுக்கான பயிற்சி முகாமின் நிறைவு நாளில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாறாமல் அச்சாகிறது.)



என்னைப் பேச அழைத்தவர்கள் நீங்கள் எழுதிக் கொடுத்த கேள்விச் சீட்டுகளையும் கையோடு அனுப்பியிருந்தார்கள். எந்த லென்ஸ் வாங்கலாம், எந்தக் கம்பெனி கேமரா நல்லது, கல்யாண ஆர்டர் பிடிப்பது எப்படி என்று பலவும் இருந்தன. ஆனால் ஒரு கேள்வி மட்டும் வெவ்வேறு கையெழுத்தில் திரும்பத் திரும்ப வந்திருந்தது: எடுத்த படத்தை எடிட் செய்யலாமா, கூடாதா? ஒரு சீட்டில் இதே கேள்வி கொஞ்சம் காரமாக இருந்தது: ‘எடிட் செய்தால் அது ஏமாற்று வேலை இல்லையா சார்?’

இன்றைய பேச்சு முழுக்க அந்தச் சீட்டுக்கான பதில்தான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்யுங்கள். கேமரா வாங்கிய முதல் நாளிலிருந்தே செய்யுங்கள். ஆனால் குறைந்த கருவிகளோடு, எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்யுங்கள். திருத்தாத படம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. நீங்கள் கை வைக்காவிட்டால், உங்களைக் கேட்காமலே வேறொருவர் கை வைத்துவிடுகிறார். அது யார் என்பதிலிருந்து தொடங்குவோம்.

கேமராவுக்குள் இருக்கும் கை

கேமராவின் சென்சாரில் கோடிக்கணக்கான புள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் எதற்கும் நிறம் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பது மட்டுமே தெரியும். நிறம் கிடைப்பதற்காக ஒவ்வொரு புள்ளியின் தலைமேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதாவது ஒரு வண்ணச் சல்லடையை வைக்கிறார்கள். கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்பவரின் ஏற்பாடு இது. 1976இல் காப்புரிமை பெற்றது. இன்றும் பெரும்பாலான கேமராக்களும் செல்போன்களும் இதன்படியே வேலை செய்கின்றன. மனிதக் கண் பச்சையை நுட்பமாக உணரும் என்பதால் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு.

இதன் விளைவைக் கவனியுங்கள். ஒரு புள்ளி ஒரே ஒரு நிறத்தைத்தான் அளந்திருக்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து கேமரா கணக்குப் போட்டு நிரப்புகிறது. ஆக, உங்கள் படத்தின் நிற விவரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளந்தது இல்லை, ஊகித்தது.

அதோடு முடியவில்லை. எது வெள்ளை என்று கேமரா தீர்மானிக்கிறது. நிறத்தைக் கொஞ்சம் தூக்குகிறது, நிழலை அழுத்துகிறது, விளிம்புகளைக் கூர்மையாக்குகிறது, இருட்டில் தெரியும் புள்ளித் தூசியைத் துடைக்கிறது. 14 பிட் சென்சார் ஒவ்வொரு புள்ளியிலும் 16,384 வெளிச்சப் படிகளைப் பிரித்தறியும். ஜேபெக் கோப்பாகச் சுருங்கும்போது ஒரு நிறத்துக்கு 256 படிகளே மிஞ்சும். எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்ற முடிவு ஷட்டர் சத்தம் அடங்குவதற்குள் நடந்துவிடுகிறது. அந்தக் கணக்கை எழுதிய பொறியாளர் திறமைசாலிதான், சந்தேகமில்லை. ஆனால் சித்திரை மாதத்து மத்தியான வெயிலில் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் உங்கள் பாட்டி நிற்கப்போவது அவருக்குத் தெரியாது.

செல்போனில் இந்தக் கை இன்னும் நீளமானது. நீங்கள் ஒரு முறை தொட்டால் அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றோடொன்று கலந்து, ஒரு படமாகத் தருகிறது. 2023இல் சாம்சங் போன்களின் நிலாப் படங்களைப் பற்றி ஒரு விவாதம் கிளம்பியது. ஒருவர் நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்தார். விளக்கை அணைத்துவிட்டுத் தள்ளி நின்று போன் கேமராவால் அதை எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் போன் எடுத்த படத்தில் இருந்தன. நிலாவை அடையாளம் கண்டு விவரங்களைத் துலக்கும்படி செயற்கை நுண்ணறிவைப் பழக்கியிருப்பதை நிறுவனமே பிறகு விளக்கியது. எடுத்தவர் ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை. அது ‘எடிட் செய்யாத’ படம் என்றால், அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு?

தஞ்சாவூரில் வரைந்த மேகம்

சரி, இது கணினி வந்த பிறகு பிடித்த வியாதி, பிலிம் காலத்தில் எல்லாம் யோக்கியமாக இருந்தது என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். அவர்களை 1858ஆம் ஆண்டுத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போகிறேன்.

லின்னேயஸ் டிரைப் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக் கேப்டன் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்தார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களோடு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அந்தக் கால ரசாயனங்களுக்கு ஒரு குறை இருந்தது. நீல ஒளியை அவை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். கோபுரம் சரியாக வந்தால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின்மேல் வண்ணப்பூச்சு தடவி வானத்துக்கு மேகங்களை வரைந்தார். மரங்களில் இலைக்கொத்துகள் தெளிவில்லாத இடத்தையும் தூரிகையால் சரிசெய்தார். இன்று உலக அருங்காட்சியகங்கள் போற்றி வைத்திருக்கும் படங்கள் அவை.

அதே ஆள் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளையும் படமெடுத்தார். ஒரு படத்தில் அடங்கவில்லை. 21 படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று உங்கள் போனில் பனோரமா என்று தொட்டு இடமிருந்து வலமாக நகர்த்துகிறீர்களே, அதைப் பசையும் கத்தரியும் வைத்து அவர் செய்தார். அங்கே அவர் நோக்கம் ஆவணம். எழுத்து ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. மேகம் வரைந்த கையே கல்வெட்டுப் பக்கம் வரும்போது கணக்காக நடந்துகொண்டது என்பதை மனதில் வையுங்கள். பின்னால் இந்த இடத்துக்குத் திரும்பி வருகிறேன்.

ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டை இணைத்துக் கடற்படங்களை அச்சிட்டுக்கொண்டிருந்தார். நம்மூர் ஸ்டுடியோக்களில் ஊசியாகச் சீவிய பென்சிலால் நெகட்டிவில் முகத்துப் பள்ளங்களை நிரப்பி அம்மைத் தழும்பை மறைத்தார்கள். அதற்கு டச்சப் என்று பெயர். கருப்பு வெள்ளைப் படத்தில் சேலைக்கும் உதட்டுக்கும் கையாலே வண்ணம் ஏற்றினார்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படத்தை இன்று போய் உற்றுப் பாருங்கள். டச்சப்காரரின் பென்சில் தட்டுப்படலாம். 1990இல் போட்டோஷாப் வந்தபோது திருத்தம் பிறக்கவில்லை. இருட்டறையில் சிலருக்கு மட்டும் கைவந்த வேலை எல்லோருடைய மேசைக்கும் வந்தது, அவ்வளவுதான்.

ஆன்சல் ஆடம்ஸின் நிலா

திருத்தத்தை எங்கே வைப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பாடம் அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸின் ஒரே படத்தில் இருக்கிறது. 1941ஆம் ஆண்டின் பிற்பகுதி. நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர். சாயங்காலம் காரில் வந்துகொண்டிருந்தவர், ஊருக்குமேல் நிலா எழுந்திருப்பதையும், கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் கடைசி வெயில் படிந்திருப்பதையும் பார்த்தார். அவசரமாகப் பெரிய கேமராவை நிறுத்தினார். வெளிச்சம் அளக்கும் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. ஆனால் நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனக்கணக்காக எக்ஸ்போஷரை முடிவு செய்து ஒரு படம் எடுத்தார். இரண்டாவதுக்குத் தயாராவதற்குள் சிலுவைகளைவிட்டு வெயில் இறங்கிவிட்டது.

கதையின் பாதிதான் இது. மீதி இருட்டறையில் நடந்தது. நெகட்டிவின் கீழ்ப்பகுதி வெளிறிக் கிடந்ததால் 1948இல் ரசாயனம் கொண்டு அதைச் செறிவாக்கினார். பல பத்தாண்டுகள் அந்த ஒரே நெகட்டிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்ட் போட்டார். ஆரம்பகாலப் பிரிண்டில் வானம் சாம்பல், மேகத் தீற்றல்கள் தெரியும். பிற்காலப் பிரிண்டில் வானம் கிட்டத்தட்ட முழுக் கருப்பு. நிலா தனியாக நிற்கும். ஆடம்ஸ் முதலில் பியானோ பயின்றவர். நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டவர் அவர்.

இந்தப் படத்திலிருந்து இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள். ‘பார்த்தீர்களா, ஆடம்ஸே எடிட் செய்தார்’ என்பார் ஒருவர். ‘பார்த்தீர்களா, மீட்டர் இல்லாமலே சரியாக எடுத்தார்’ என்பார் இன்னொருவர். இரண்டும் ஒரே மனிதர் செய்தது. வானத்தை எவ்வளவு கருப்பாக்கலாம் என்று இருட்டறையில் கற்றவருக்குத்தான், நெகட்டிவில் எதைப் பிடித்தே ஆக வேண்டும் என்பது அந்தச் சாலையோரத்தில் சட்டென்று தெரிந்தது. புதியவர்கள் ஏன் திருத்த வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். திருத்தும் மேசையில் உட்காரும்போதுதான் எடுத்த இடத்தில் என்ன கோட்டை விட்டோம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

புதியவரின் மேசை

அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது? நான்கு வேலைகள் போதும்.

முதலாவது, பொறுக்குவது. யாரும் இதைத் திருத்தம் என்று எண்ணுவதில்லை. உண்மையில் திருத்தத்தில் பெரும் பங்கு இதுதான். மெரினாவில் சூரிய உதயத்தை இருநூறு படம் எடுத்து இருநூறையும் பகிர்பவர் இன்னும் படமெடுத்து முடிக்கவில்லை. ஐந்தைப் பொறுக்குங்கள். ஏன் இந்த ஐந்து என்று பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல முடியாத படத்தை நீக்கிவிடுங்கள். எடுத்த அன்றே பொறுக்காதீர்கள். பட்ட சிரமமெல்லாம் படத்தில் இருப்பதுபோல அன்றைக்குத் தோன்றும்.

இரண்டாவது, நிமிர்த்துவதும் வெட்டுவதும். கடல் சரிந்திருந்தால் நேராக்குங்கள். ஓரத்தில் பாதி தெரியும் பிளாஸ்டிக் நாற்காலியை வெட்டுங்கள். கிராப் செய்வது கௌரவக் குறைவு என்று யாராவது சொன்னால், பிரெஞ்சு ஒளிப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனைப் பற்றிச் சொல்லுங்கள். எடுத்த சட்டகத்தை வெட்டக் கூடாது என்பதில் அவரைப் போல் பிடிவாதக்காரர் இல்லை. ஆனால் 1932இல் பாரிஸில் தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை எடுத்த அவருடைய புகழ்பெற்ற படம் வெட்டப்பட்டதுதான். வேலி இடுக்கு வழியாக எடுத்ததில் வேலி உள்ளே வந்துவிட்டது. ஆனால் ஒன்று. பத்துப் படத்திலும் ஒரே மாதிரி பாதியை வெட்டுகிறீர்கள் என்றால், பதினொன்றாவது படத்துக்கு இரண்டு எட்டு முன்னால் போய் நில்லுங்கள்.

மூன்றாவது, வெளிச்சம். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். வெள்ளை வேட்டி சட்டை மாப்பிள்ளை வெள்ளைச் சுவர் முன்னால் நின்றால், ‘அடேயப்பா, வெளிச்சம் அதிகம்’ என்று படத்தை இருட்டாக்கிவிடும். வேட்டி சாம்பலாகும், முகம் கரிந்துபோகும். திருத்தும்போது வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, ஏற்றினால் இரண்டும் உயிர்பெறும். இதை மூன்று நான்கு முறை செய்தவர், அடுத்த கல்யாணத்தில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை எடுக்கும்போதே கூட்டிவைப்பார்.

நான்காவது, ஒயிட் பேலன்ஸ். டியூப் லைட்டின் பச்சைச் சாயலையும் நிழலின் நீலத்தையும் நீக்கலாம். ஆனால் கோயில் கருவறை முன்னால் எண்ணெய் விளக்கின் மஞ்சளை ஆட்டோ பயன்முறை ‘குறை’ என்று கருதிக் கழுவிவிடும். அந்த மஞ்சள்தான் அங்கே நீங்கள் பார்த்தது. அதைத் திரும்பக் கொண்டுவருவதும் திருத்தமே.

இந்த நான்குக்கும் காசு செலவில்லை. கணினியில் டார்க்டேபிள், ராதெரபி, ஜிம்ப் இலவசம். போனில் ஸ்னாப்சீட் இருக்கிறது. கேமராவில், சென்சார் அளந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு, ஜேபெக் இரண்டையும் சேர்த்துப் பதியுங்கள். அசலின்மேல் ஒருபோதும் சேமிக்காதீர்கள், நகலில் வேலை செய்யுங்கள். இன்னொன்று, நள்ளிரவில் திரையின் பிரகாசத்தை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு எடிட் செய்தால், லேபில் பிரிண்ட் போடும்போது எல்லாம் இருட்டாகத்தான் வரும். லேப்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

தள்ளி வைக்க வேண்டியவை

ஆரம்பத்தில் வேண்டாதவை என்று இரண்டைச் சொல்வேன். ஒன்று பிரீசெட். யாரோ ஐரோப்பியக் குளிர்காலத்துக்குச் செய்த நிறக்கலவையைத் தஞ்சாவூர் வயலுக்குப் போட்டால் பச்சை நெல் பழுப்பாகும். அதோடு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியாது. கேமராவின் கையிலிருந்து பிடுங்கியதை இன்னொரு முகம் தெரியாதவர் கையில் கொடுத்தது போலத்தான் அது.

இரண்டாவது தோலை வெளுப்பது. இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ‘பொண்ணு கொஞ்சம் வெளுப்பா வர்ற மாதிரி பண்ணுங்க தம்பி’ என்று ஸ்டுடியோவில் சொல்லாத குடும்பம் குறைவு. இப்போது அதையும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. போனில் அழகூட்டும் வசதி தானே மாவு பூசிவிடுகிறது. இதற்குத் தொழில்நுட்ப வரலாறும் துணைபோயிருக்கிறது. வண்ணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கோடக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. அந்தத் தோலுக்கு இயந்திரத்தை அமைத்துவிட்டு, மற்றவர் தோல் சரியாக வராததைத் தோலின் குறையாக்கிவிட்டார்கள்.

மீட்டர் இருட்டாக்கிய முகத்துக்கு வெளிச்சம் கொடுப்பது வேறு, நிறத்தை மாற்றுவது வேறு. வெளிச்சம் சரியாக விழுந்த கருந்தோலில் நெற்றியில் ஒரு பளபளப்பு, கன்னத்தில் ஒரு செம்மை, கண்ணுக்குக் கீழே ஒரு நிழல் என்று ஆயிரம் படிகள் தெரியும். வெளுக்கும் பிரஷ் அவை எல்லாவற்றையும் ஒரே படியாக்கிவிடும். கண்ணைப் பழக்க வந்திருக்கும் மாணவர் முதலிலேயே பார்க்காமல் இருக்கப் பழகலாமா?

ஏமாற்று எங்கே தொடங்குகிறது?

இப்போது அந்தக் காரமான சீட்டுக்கு வருகிறேன். டிரைப் வானத்தில் மேகம் வரைந்தார், கல்வெட்டுப் பக்கம் வரும்போது கணக்காக நடந்துகொண்டார் என்றேன் அல்லவா? பார்ப்பவரிடம் நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தே ஏமாற்று இருக்கிறது.

செய்திப் படம் என்றால் ‘இது இப்படியே நடந்தது’ என்பது வாக்கு. 2010இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் ஒரு பரிசு திரும்பப் பெறப்பட்டது. எடுத்தவர் அசல் படத்தின் பெரும்பகுதியை வெட்டியிருந்தார், கருப்பு வெள்ளையாக்கியிருந்தார். அதெல்லாம் குற்றமாகவில்லை. பின்னணியில் தெரிந்த ஒரு பாதத்தின் சிறு துண்டை அழித்திருந்தார். அதற்காகப் பரிசு போனது. 2015இல் அதே போட்டியின் கடைசிக்கு முந்தைய சுற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குப் படங்கள் இப்படிப்பட்ட காரணங்களுக்காக நீக்கப்பட்டன. அதே ஆண்டு ராய்ட்டர்ஸ் நிறுவனம், ராவிலிருந்து செய்த படங்களை அனுப்ப வேண்டாம், கேமராவிலேயே பதிவான ஜேபெக்கை அனுப்புங்கள் என்று தன் பிரீலான்ஸ் ஒளிப்படக்காரர்களைக் கேட்டுக்கொண்டது.

ஆகவே ஜல்லிக்கட்டுப் படத்தை நாளிதழுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், வாடிவாசலில் நின்ற ஆளை அழிக்காதீர்கள், புழுதியைக் கூட்டாதீர்கள். அதே படத்தை உங்கள் கற்பனைக்கேற்ற கலைப்படைப்பாகக் காட்சிக்கு வைக்கிறீர்களா? தாராளமாக மாற்றுங்கள், மாற்றினேன் என்று கீழே எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

‘எடுக்கும்போதே சரியாக எடு’ என்று சொல்லும் ஆசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பெரிய நியாயம் உண்டு. 1930களில் வந்த கோடாக்குரோம் முதலான சிலைடு பிலிமில் எடுத்தவர்களுக்கு அரை ஸ்டாப் தப்பினாலும் அது அப்படியே தெரியும். அந்தக் கண்டிப்பில் வளர்ந்த கண்கள் அருமையானவை. இன்றைய மாணவரோ கவனமில்லாமல் எடுத்துவிட்டு, ‘போட்டோஷாப்பில் பார்த்துக்கலாம்’ என்கிறார். அது சோம்பல்தான்.

மேசையில் காப்பாற்ற முடியாதவற்றின் பட்டியலை அவருக்குக் கொடுங்கள். முழுக்க வெளுத்துப்போன வானத்தில் சென்சார் விவரம் எதையுமே பதியவில்லை, அங்கே மீட்க ஒன்றும் இல்லை. கை ஆடிய படம் ஆடியதுதான். தாலி கட்டிய நொடி தப்பினால் தப்பியதுதான். பின்தலையில் கம்பம் முளைத்தால் அதை அழிப்பதைவிட இடம் மாறி நிற்பது சுலபம். ஆனால் இந்தப் பட்டியலை வாயால் சொன்னால் யார் கேட்கிறார்கள்? வெளுத்த வானத்தில் மேகத்தைத் தேடித் தேடி ஸ்லைடரை இழுத்துத் தோற்றவருக்கு மட்டுமே அது ஏறும். ஆகவே உங்கள் மாணவர்களை மேசையிலிருந்து துரத்தாதீர்கள். உங்கள் கண்டிப்பை அந்த மேசைதான் மெய்ப்பிக்கிறது.

பேச்சை ஒரு வேலையோடு முடிக்கிறேன். வீட்டுக்குப் போய் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தெருமுனை டீக்கடையோ, பூக்கடையோ, உங்கள் வீட்டு அடுப்படியோ. அங்கே ஒரு படம் எடுங்கள். கேமரா கொடுத்த ஜேபெக்கை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ராவிலிருந்து, சொன்ன நான்கு கருவிகளை மட்டும் வைத்து உங்கள் படத்தைச் செய்யுங்கள். எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு அதே நேரத்தில், அதே இடத்துக்குத் திரும்பப் போங்கள். மாற்றியதையெல்லாம் இம்முறை நிற்கும் இடத்தாலும், காத்திருப்பதாலும், கேமரா அமைப்பாலும் செய்யப் பாருங்கள். அந்த மூன்றாவது படத்துக்குக் குறைவான திருத்தமே தேவைப்படும், ஆனால் கட்டாயம் ஏதோ ஒன்று தேவைப்படும். மூன்று படங்களையும் ஒன்றாக வைத்து உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். ‘எடிட் செய்யலாமா’ என்ற கேள்வியை அதற்குப் பிறகு நீங்கள் யாரிடமும் கேட்க மாட்டீர்கள். எவ்வளவு, எதற்கு என்று உங்களையே கேட்டுக்கொள்வீர்கள்.